ஜெர்மானியர் என்ற பெயரும் கலப்பற்ற இரத்தப் புரட்டும்



ஜெர்மானியர் என்கின்ற பெயர் எப்படி உண்டாயிற்று என்பதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன். ஏதோ அயல்நாட்டுப் பழங்கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். இந்தக் கதையால் இலட்சக்கணக்கான உயிர்கள் போயிருக்கின்றன.

கி.பி. 98-ம் வருஷத்தில் டாசிட்டஸ் என்ற ரோமாபுரி ஆசிரியர் "ஜெர்மானியா" என்னும் சிறு புத்தகத்தை லத்தீன் பாஷையில் எழுதினார். ரைன் நதிக்கு அப்பாலிருந்த ஜனங்களின் பழம் பாட்டுகளின்படி, பூமியிலிருந்து டுயிஸ்டோ என்றொரு கடவுள் முளைத்தாராம். அவருக்கு மன்னுஸ் என்று ஒரு மகனாம். மன்னுசுக்கு மூன்று பிள்ளைகளாம். அவர்கள் பேரால்தான் இங்கவோனர், ஹெர்மினோனர், இஸ்தவோனர் என்ற மூன்று வகுப்பாராம். சிலருக்கு மூன்று பிள்ளைகள் போதவில்லை. மார்சியர், சுயெபியர், வண்டிலியர் முதலிய கூட்டத்தாருக்கும் கடவுள் வமிசத்தில் இடம் வேண்டுமல்லவா? ஆகவே இன்னும் சில பிள்ளைகளைச் சேர்த்துக் கொண்டார்கள்! பழங்காலத்து விஷயமென்றால் எதையும் துணிந்து சொல்லலாமென்பதை டாசிட்டசே அவ்விடத்தில் குறிப்பிடுகிறார். பிளினி என்பவரோ வகுப்புகள் ஐந்து என்கிறார்.

பெயராவது பழையதா என்றால், அதுவுமில்லை. அது புதிதாக வந்த பெயர் என்று அதே புத்தகம் சொல்லுகிறது. முதன்முதல் ரைன் நதியைத் தாண்டி வந்து கால் நாட்டாரைத் துரத்திய ஒரு கூட்டத்துக்கு மட்டுமே அப்பெயர் இருந்ததாம். அவர்கள் பிறகு துங்கிரியர் எனப்பட்டார்கள். ஒரு கூட்டத்தின் பெயர் வரவர எல்லோர் தலையிலும் ஏறிவிட்டது. அந்நாட்டார் இன்றைக்கும் தங்களை "டாய்ட்ச்" என்றே சொல்லிக் கொள்ளுகிறார்கள். ஜனங்கள் என்று பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது அது. பிரெஞ்சுக்காரரோ அலமன்னியர் என்ற வேறொரு கூட்டத்தின் பெயரால் அவர்களை அழைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கதம்பத்தைத்தான் கலப்பற்ற இரத்தம் என்றார்கள். இதற்கும் டாசிட்டஸ் எழுதிய ஒரு வரியே ஆதாரம். அவர் ரைனைத் தாண்டிப் போய்ப் பார்த்ததாக யாதொரு அத்தாட்சியும் கிடையாது. அந்த ஜனங்கள் அம்மண்ணிலேயே தோன்றியவர்கள் என்பதற்கு அவர் சொல்லும் காரணம் என்ன தெரியுமா? இத்தாலியையும் ஆசியாவையும் விட்டுவிட்டு அந்தக் குளிரில் எவன் போய்க் குடியேறுவான் என்பதுதான்!

இதை வேதமாக எடுத்துக் கொண்டவர்கள் நாஜிகள். இரத்த சுத்தத்தின் பேரால் 1935-ல் நூரெம்பர்க் சட்டங்களைச் செய்தார்கள். பின்னர் யுத்த காலத்தில் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943-ல்கூட, அப்புத்தகத்தின் பழைய கைப்பிரதி ஒன்றைக் கைப்பற்ற ஹிம்லரின் படையாட்கள் இத்தாலியில் ஒரு பிரபுவின் மாளிகைக்குள் புகுந்து தேடினார்கள். ஏடு அகப்படவில்லை. அது இப்பொழுது ரோமாபுரித் தேசிய நூல் நிலையத்தில் இருக்கிறது.