தன் கையும் பிறர் கையும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மன்றத்து விழாவில் அலுவலகப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இந்த அவையில் வீற்றிருப்போர் பலர் பகலெல்லாம் வங்கியிலும் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் உழைத்துவிட்டு மாலையில் கவிதையைத் தேடி வருபவர்கள். அவர்களுள் சிலர் அண்மையில் பதவி உயர்வு பெற்றவர்கள்; சிலர் விரைவில் பெற இருப்பவர்கள். மன்றத்துக்கும் பத்தாண்டு நிரம்பிவிட்டது. பொறுப்புகள் கைமாறும் காலம் இது. ஆகவே புதிதாகத் தலைமை ஏற்பவர் எதைக் கற்க வேண்டும் என்பது இங்கே பேசத்தக்க பொருளே.

நன்றாகப் பணி செய்தவருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. கோப்புகளைப் பிழையின்றி எழுதினார் என்பதற்காக ஓர் எழுத்தர் கண்காணிப்பாளர் ஆகிறார். சிறப்பாகப் பாடம் நடத்தினார் என்பதற்காக ஓர் ஆசிரியர் தலைமையாசிரியர் ஆகிறார். எந்தத் திறமைக்காக அந்தப் பதவி வந்ததோ, அந்தத் திறமை புதிய நாற்காலியில் பாதிக்கு மேல் பயன்படுவதில்லை. இதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை; நியமன ஆணையிலும் அது எழுதப்படுவதில்லை.

முதல் மாதத்தில் உதவியாளர் ஒருவர் தாம் எழுதிய வரைவைக் கொண்டுவந்து மேசைமீது வைக்கிறார். புதிய தலைவருக்கு அது நிறைவளிக்கவில்லை. திருத்தம் சொல்லித் திருப்பி அனுப்பக் கால் மணி நேரமாகும். தாமே எழுதினால் பத்து நிமிடத்தில் முடியும். எழுதிவிடுகிறார். மறுநாளும் அவ்வாறே நிகழ்கிறது. ‘எப்படி எழுதினாலும் அவர் மாற்றி எழுதத்தான் போகிறார்’ என்பதை உதவியாளர் புரிந்துகொள்கிறார். அதன்பின் வரும் வரைவுகள் அரைகுறையாகவே வருகின்றன. மூன்றாம் மாதத்தில் தலைவர் இரவு ஒன்பது மணிவரை அலுவலகத்தில் அமர்ந்திருக்கிறார். மற்றவர்கள் ஐந்தரை மணிக்கே புறப்பட்டுவிடுகிறார்கள். ‘ஒருவருக்கும் பொறுப்பில்லை’ என்று வீட்டில் வருந்துகிறார். பொறுப்பைச் சிறுகச் சிறுகப் பிறர் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர் தாமே என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

இந்த இடர்ப்பாட்டைக் கவிஞர்கள் மற்றவர்களைவிட மிகுதியாகவே உணர்வார்கள். கவிதை தனியொருவர் கையில் பிறப்பது. ஒரு சொல் பிழைபட்டால் அதை மாற்றும் உரிமை எழுதியவருக்கே உண்டு. அந்தப் பழக்கத்தில் ஊறியவர் பலர் கூடிச் செய்யும் வேலைக்குத் தலைவராகும்போது, எல்லாப் பக்கங்களையும் தம் பக்கமாகவே பார்க்கத் தொடங்குகிறார்.

தமிழ்ப் புலமை உலகமே இதற்கு இரண்டு சான்றுகளைத் தருகிறது. ஒன்று, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிக்கு நடுவில் தலைவராக வந்தவருடையது. மற்றொன்று, புதிதாக ஒரு குழுவைக் கூட்டித் தொடங்கியவருடையது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பணி 1913இல் சாந்தலர் பாதிரியார் தலைமையில் தொடங்கிற்று. பின்னர் பொறுப்பு சில கைகள் மாறி, 1926இல் ச. வையாபுரிப்பிள்ளையிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அதற்குமுன் அவர் திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். அகராதி அலுவலகத்திலோ மு. இராகவையங்கார் 1913 முதலே தலைமைத் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்திருந்தார். ‘செந்தமிழ்’ இதழின் ஆசிரியராக இருந்து புகழ்பெற்றவர். பிள்ளையைவிடப் பதின்மூன்று ஆண்டு மூத்தவர். அந்தப் பணியிலேயே பதின்மூன்று ஆண்டு பழகியவர். புதிதாகத் தலைமைக்கு வருபவர் எவருக்கும் இதைவிடக் கடினமான முதல் நாள் வாய்க்காது.

அகராதியின் பெரும்பகுதி அதன்பின்னரே வெளிவந்தது. ஆறு தொகுதிகளும் 1936இல் நிறைவுற்றன. அவற்றில் உள்ள சொற்கள் 1,04,405. பின்னிணைப்பில் சேர்ந்தவை 13,357. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தனியொருவர் நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள் வீதம், ஒரு நாளும் ஓயாமல் எழுதினாலும் அந்த ஆறு தொகுதிகளை முடிக்க இருபத்தெட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். ‘நானே எழுதிவிடுகிறேன்’ என்னும் வழி அங்கே அடைபட்ட வழி.

அடைபடாத வழி எது என்பதை அகராதியின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் காணலாம். தலைச்சொல், இலக்கணக் குறிப்பு, ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், பொருளுக்கு ஆதாரமான நூலின் சுருக்கக் குறியீடு என்னும் ஒழுங்கு தொகுதிக்குத் தொகுதி தொடர்கிறது. எந்தச் சொல்லை எவர் எழுதினார் என்று படிப்பவரால் கண்டுபிடிக்க இயலாது. பலர் கையால் செய்த வேலை ஒரே கையால் செய்ததுபோல் தோன்றுவதற்குக் காரணம் எழுதி வைத்த விதி. தலைவரின் மனநிலை காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருக்கலாம்; விதி அவ்வாறு மாறாது. பணி செய்பவர் தலைவரின் முகத்தைப் பார்த்து அஞ்சாமல், விதியைப் பார்த்துத் தம் பிழையைத் தாமே திருத்திக்கொள்ள முடிகிறது. வயதில் மூத்தவருக்கும் அது தலைகுனிவு ஆவதில்லை. ஏனெனில் அவர் கீழ்ப்படிவது விதிக்கே அன்றி இளையவர் ஒருவருக்கு அன்று.

பிள்ளை தமது ஆராய்ச்சியையும் கைவிடவில்லை. நிகண்டு நூல்கள் சிலவற்றை அவர் பதிப்பித்தது அகராதிப் பணி நடந்த அந்த ஆண்டுகளில்தான். தன் எழுத்துக்கு ஓரிடம், பிறர் எழுத்துக்கு ஓரிடம் என்று வகுத்துக்கொண்டால் இரண்டும் நடைபெறும்.

இரண்டாவது சான்று கவிஞர் பெரியசாமித் தூரன். கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். கீர்த்தனைகள் பல இயற்றியவர். சுதேசமித்திரனில் புதைந்து கிடந்த பாரதியின் எழுத்துகளைத் தேடித் தொகுத்தவர். தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால் உருவான தமிழ் வளர்ச்சிக் கழகம், தமிழின் முதற் கலைக்களஞ்சியத்தை ஆக்கும் பொறுப்பை நாற்பது வயதை எட்டிய இந்தக் கவிஞரிடம் 1948இல் ஒப்படைத்தது.

அவருக்கு நேர்ந்த இடர் வேறு. இயற்பியலுக்கு ஒருவர், மருத்துவத்துக்கு ஒருவர், வேளாண்மைக்கு ஒருவர் என்று கட்டுரையாளர்கள் ஆயிரவர்க்கு மேற்பட்டோர். ஒவ்வொருவரும் தம் துறையில் தலைமைப் பதிப்பாசிரியரைவிட அறிந்தவர். அவர்களுக்குப் பாடம் சொல்ல ஒரு கவிஞரால் இயலாது. கட்டுரையின் அளவு, காலக்கெடு, கலைச்சொல்லின் ஒருமை, பொதுவாசகருக்குப் புரியும் நடை ஆகியவற்றைக் காப்பதுதான் அவர் செய்யக்கூடியது. அதுவே தலைமையின் வேலையும் ஆகும். முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் எடுத்துக் காட்டுவதற்கு அச்சிட்ட தொகுதி ஒன்றும் கையில் இல்லை. அந்த ஆண்டுகளில் குழுவினரின் ஊக்கம் குன்றாமல் பார்த்துக்கொள்வதும் தலைவரின் கடமையே. பத்தாம் தொகுதி 1968இல் நிறைவுற்றது. அடுத்து, அளவில் சிறிய குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் அவர் தலைமையிலேயே 1968க்கும் 1976க்கும் இடையில் வெளிவந்தன. பெரிய பணி முடிந்தபின் மற்றொரு பணியைத் தொடங்கும் வலிமை எஞ்சியிருந்தது என்றால், முதற்பணி தனியொருவரைத் தேய்த்து முடிந்ததன்று என்று கொள்ளலாம்.

வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் துன்பம் என்று முதல் அதிகாரம் முடிகிறது. தக்கவரைத் தேர்ந்தபின் வேலையை அவர் பொறுப்பிலேயே விட்டுவிட வேண்டும் என்பது இரண்டாம் அதிகாரத்தின் உள்ளக்கிடை. புதிய தலைவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இரண்டாம் படியில். வேலையைக் கொடுக்கிறார்கள், கையை எடுப்பதில்லை.

கையை எடுப்பது என்றால் கண்ணை எடுப்பது என்று பொருளன்று. வரைவில் பிழையுள்ள இடத்தைக் கோடிட்டு, காரணத்தை ஓரத்தில் எழுதி, எழுதியவரிடமே திருப்பித் தர வேண்டும். முதன்முறை கால் மணி நேரமாகும். பத்தாம் முறை கோடிடவே தேவை இராது. திருத்தத்தைத் தனியே சொல்ல வேண்டும். பாராட்டைப் பலர் முன்னிலையில், பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். மேலிடத்திலிருந்து கண்டனம் வரும்போது ‘உதவியாளர் தவறு’ என்று கைகாட்டாமல் தாம் ஏற்க வேண்டும். நேற்றுவரை உடன் தேநீர் அருந்திய நண்பருக்குச் சலுகை காட்டுவதும் தவறு. சலுகை காட்டவில்லை என்று மெய்ப்பிப்பதற்காக அவரிடம் மட்டும் கடுமை காட்டுவதும் தவறு. எல்லாவற்றுக்கும் மேலாக, இடித்துச் சொல்லும் ஒருவரையேனும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தகையோர் இல்லாத மன்னன் பகைவர் இன்றியே கெடுவான் என்று பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரம் எச்சரிக்கிறது.

இவையெல்லாம் அலுவலகத்துக்கு மட்டும் உரியவை அல்ல. தமிழகத்தின் ஊர்தோறும் இலக்கிய மன்றங்கள் தோன்றுகின்றன. பல சில ஆண்டுகளிலேயே மறைகின்றன. பெரும்பாலும் பணக்குறையைக் காரணமாகச் சொல்வார்கள். உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். அழைப்பிதழ் எழுதியவரும் அவரே, அரங்குக்கு முன்பணம் கட்டியவரும் அவரே, பேச்சாளரைப் பேருந்து நிலையத்தில் எதிர்கொண்டவரும் அவரே, கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கியவரும் அவரே. அவருடைய உழைப்பு போற்றத்தக்கது; ஐயமில்லை. ஆனால் அவர் நோயில் படுத்த மாதத்தில் கூட்டம் நின்றுபோயிற்று. பிறகு ஒருவரும் அதைத் தொடங்கவில்லை. தொடங்க மனமில்லாமல் அன்று. தொடங்கும் வகை அறியாமல். அதை அவர் எவருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

பத்தாண்டு நிறைந்த மன்றத்தின் முன் நிற்கும் கேள்வியும் இதுவே. வரும் ஆண்டில் இளைய உறுப்பினர் ஒருவர் அழைப்பிதழ் எழுதுவார். அதில் ஓர் அடைமொழி மிகுந்திருக்கும்; ஓர் ஒற்று விடுபட்டிருக்கும். மூத்தவர்கள் எழுதியிருந்தால் அது இன்னும் அழகாக அமைந்திருக்கும். அந்த இடத்தில் மூத்தவர்கள் எழுதுகோலை எடுத்துத் தாமே மாற்றி எழுதாமல், பிழையைக் காட்டித் தாளை அவரிடமே திருப்பிக் கொடுப்பார்களானால், இருபதாம் ஆண்டு மலருக்கு ஓர் ஆசிரியர் அன்றே கிடைத்துவிட்டார் என்று கொள்ளலாம்.

மன்றம் வாழ்க.