மூன்று சோடி இலத்திரன்கள்



2021ஆம் ஆண்டிலே, இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், விவசாயி ஒருவர் எங்கள் பாடசாலைக்கு வந்தார். மகனின் விஞ்ஞானப் புத்தகத்தை என் மேசைமீது விரித்து வைத்தார். "ஐயா, காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன் என்று இதில் இருக்கிறது. யூரியா பயிருக்குக் கொடுப்பதும் அதைத்தானே? பிறகேன் என்னுடைய நெல் மஞ்சளித்து நிற்கிறது?" என்று கேட்டார். கலைப் பட்டதாரியாகிய நான் விடை கூற இயலாது நின்றேன். பின்னர் நூல்களைப் புரட்டியும், இரசாயன ஆசிரியரை வினவியும் அறிந்ததையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

அணுவின் நடுவே நேரேற்றமுடைய கரு உண்டு. அதனைச் சூழ எதிரேற்றமுடைய இலத்திரன்கள் உள்ளன. ஐதரசன் அணுக்கள் இரண்டு நெருங்கும்போது, ஒவ்வொன்றும் ஓர் இலத்திரனை நல்க, அச்சோடி இரண்டிற்கும் பொதுவாகின்றது. இரு கருக்களும் அச்சோடியைக் கவர்கின்றன; கருக்களோ ஒன்றையொன்று தள்ளுகின்றன. கவர்ச்சியும் தள்ளுகையும் சமப்படும் தூரத்தில் அணுக்கள் நிலைகொள்கின்றன. இதுவே பங்கீட்டு வலுப்பிணைப்பு. சோடியைப் பங்கிடும் இக்கருத்தை 1916இல் அமெரிக்க அறிஞர் கில்பேட் லூயிஸ் வெளியிட்டார்.

எல்லாப் பிணைப்புகளும் ஒரே வலிமையுடையன அல்ல. அணு பெரிதாயின், பங்கிட்ட சோடி கருவுக்குத் தொலைவாகிப் பிணைப்புத் தளரும். ஐதரசனைப் புளோரீனிலிருந்து பிரிக்க மூல் ஒன்றுக்கு ஏறத்தாழ 567 கிலோயூல் சக்தி வேண்டும். பெரிய அணுவாகிய அயடீனிலிருந்து பிரிக்க 298 போதும். பங்கீடு சமனற்றதாகி ஓரணுவின் பக்கம் சாய்வதும் பிணைப்பை வலுப்படுத்தும். புளோரீனில் அச்சாய்வும் மிகுதி.

இவற்றோடு, பங்கிடப்படும் சோடிகளின் தொகையும் முக்கியமானது. நைதரசன் அணுக்களுக்கிடையே ஒரு சோடி மாத்திரம் இருப்பின் ஏறத்தாழ 160 கிலோயூல் போதும். காற்றிலுள்ள நைதரசனிலோ மூன்று சோடிகள்; அதனைப் பிரிக்க 945 கிலோயூல் வேண்டும். விவசாயியின் கேள்விக்கு விடை இதுவே. அம்மும்மைப் பிணைப்பை நெற்பயிர் தானாக உடைக்க வல்லதன்று.

மின்னல் அதனை உடைக்கின்றது. பயறு, உழுந்து ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் ஓசையின்றி உடைக்கின்றன. மனிதனோ, பிரிட்ஸ் ஏபர் 1909இல் காட்டிய வழியில், இரும்பை ஊக்கியாகக் கொண்டு, பெரும் அமுக்கத்திலும் 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் நைதரசனை ஐதரசனோடு சேர்த்து அமோனியா ஆக்குகின்றான். யூரியா அதிலிருந்து பிறப்பது.

விளக்கத்தை அவரிடம் கூறினேன். "அப்படியானால் காற்றிலிருப்பது பூட்டிய பெட்டகம்" என்றார். அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. ஆயினும் காலந்தாழ்ந்த உரம் அவர் பயிரை மீட்கவில்லை. அறுவடைக்குப்பின் அவ்வயலிலே பயறு விதைத்தார்.

நேயர்களே, கண்ணுக்குப் புலனாகாத மூன்று சோடி இலத்திரன்களில் ஒரு குடும்பத்தின் சோறு தங்கியிருக்கின்றது. பிள்ளையின் பாடநூலை வயலோடு சேர்த்து வாசித்த அத்தந்தையே அன்று எனக்கு ஆசிரியரானார்.