விறகும் வீதக் கணக்கும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



“கணக்குப் படித்து என் பிள்ளை என்ன செய்யப் போகிறான்?” என்று கேட்போர் நம் மலையில் பலர். தேயிலைத் தொழிற்சாலையின் வாசலில் அடுக்கியுள்ள விறகே அதற்கு விடை கூறும்.

பசுந்தேயிலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 77 பங்கு நீர். தூளில் 3 பங்குதான். 100 கிலோ இலையிலிருந்து எவ்வளவு தூள் கிடைக்கும்? ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பில் இதைக் கேட்டேன். 77இல் 3 போக 74, ஆகவே மீதி 26 கிலோ என்றனர் பலர். அது தவறு. மாறாதிருப்பது 23 கிலோ உலர்பொருள். அது தூளில் 97 பங்காக அமைய வேண்டும். 23ஐ 97ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 23.7 கிலோ. எஞ்சிய 76.3 கிலோ நீரைப் போக்குவதற்கே பெரும்பாலும் விறகு எரிகிறது.

இதே கணக்கை விறகிற்கும் போடுங்கள். பச்சை விறகில் பாதி நீர் எனக் கொண்டால், 100 கிலோவில் மரம் 50 கிலோ. பிளந்து, கூரையின் கீழ் அடுக்கி, ஈரம் 20 பங்காகும்வரை காயவைத்தால் எடை 62.5 கிலோவாகும். குறைந்த 37.5 கிலோவும் தண்ணீர். ஈர விறகை நிறுத்து வாங்குவோர் அந்தத் தண்ணீருக்கும் விலை கொடுக்கின்றனர். அடுப்பிலோ, ஒவ்வொரு கிலோ நீரையும் ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் வீணாகிறது.

இந்த நட்டம் யாரைச் சேரும்? நம் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் அங்கத்தினர் சிறு விவசாயிகளே. எரிபொருட் செலவு ஏறினால் இலைக்குத் தரக்கூடிய விலை குறையும். மழைக்காலத்தில் இலையின் ஈரத்திற்கென எடையில் கழிக்கும்போது, அது நியாயமா என்று அறியவும் இக்கணக்கே வேண்டும்.

ஆகவே, பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் இது. கணித ஆசிரியருடன் மாணவரை ஒருநாள் தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். பழைய விறகுச் சீட்டுகளையும் இலை எடைச் சீட்டுகளையும் வகுப்பிற்குக் கொடுங்கள். ஒரு விறகுக் கட்டையை வாரந்தோறும் மாணவரே நிறுத்து, எடை குறைவதை வரைபடமாக வரையட்டும்.

நம் வீட்டுச் சீட்டை நம் பிள்ளையே சரிபார்க்கும் நாளில், கணக்கு எதற்கு என்ற கேள்வி எழாது.