இந்தக் கால் என் பேச்சைக் கேட்காது

(அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் பேசிக்கிட்டிருக்கும்போதே இந்த இடது கால் விறைத்து முன்னால் நீளும். இல்லையென்றால் முட்டி மடங்கி வெடவெடவென்று ஆடும். பதறாதீங்க. அது காக்கா வலிப்பு இல்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கிட்டு ஓடி வராதீங்க. வெடுக்கென்று அமுக்கிப் பிடிச்சா இன்னும் அதிகமா இழுக்கும். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும். அதுவரைக்கும் நான் நிறுத்திக்கிறேன், நீங்க பொறுத்துக்கணும்.

நான் விழுந்தது 2007இல். அப்போது பத்தொன்பது வயது, பி.காம். இரண்டாம் ஆண்டு. அப்பா ஊர்த்தெருவுக்குத் தேங்காய் பறிக்கிறவர். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். ஆண்டை வீட்டில் கல்யாணம், காய் இறக்கியாக வேண்டும். 'உம் பையன் சும்மாதான இருக்கான், அவன ஏறச் சொல்றா' என்று ஆள் வந்தது. ஏறினேன். மழையில் ஊறின மரம். அவ்வளவுதான்.

விழுந்தவனைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, மடக்கி, காய் ஏற்ற வந்த மினி வண்டியிலேயே போட்டுக்கொண்டு போனார்கள். முதுகெலும்பு உடைந்தவனை அப்படித் தூக்கக்கூடாது, பலகையில் அசையாமல் கிடத்தித்தான் தூக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. 108 வண்டி தமிழ்நாட்டில் ஓட ஆரம்பித்ததே 2008இல்தான். மரத்தில் பாதி போச்சா, வண்டியில் மீதி போச்சா என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதல் சில வாரங்கள் இரண்டு காலும் துணி மாதிரி துவண்டு கிடந்தன. ஆறாவது வாரம் ஒரு ராத்திரி இடது கால் தானாக எழும்பிப் போர்வையைத் தள்ளியது. கீழே படுத்திருந்த அம்மா அலறிக்கொண்டு எழுந்தது. 'எம் புள்ளைக்குக் கால் வந்துடுச்சி' என்று வார்டையே எழுப்பிவிட்டது. மாரியாத்தாவுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டது. மறுநாள் கடைக்குப் போய் ஒரு ஜோடி செருப்பு வாங்கிவந்து கட்டிலுக்கடியில் வைத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, 'இது கால் வர்றது இல்லம்மா, இனிமே இப்படித்தான் இழுக்கும்' என்றார். அந்தச் செருப்பு ரொம்ப நாள் அங்கேயே கிடந்தது.

ஏன் இழுக்கிறது? அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடம் முழுக்கச் செத்துவிடுவதில்லை. தோலில் ஏதாவது பட்டால், தசை திடீரென்று நீண்டால், சேதி தண்டுவடத்துக்குப் போகும். மூளையைக் கேட்காமல் அங்கிருந்தே 'இழு' என்று உத்தரவு வரும். இது எல்லோர் உடம்பிலும் உண்டு. சுடுபாத்திரத்தில் கை பட்டதும் வெடுக்கென்று எடுக்கிறோமே, அது இதுதான். ஆனால் உங்களுக்கெல்லாம் மேலேயிருந்து 'போதும், அடங்கு' என்று ஒரு சேதி இறங்கிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அந்த வழி அறுந்துவிட்டது. அதனால் சின்னத் தொடுதலுக்குக்கூடப் பெரிய இழுப்பு.

நம் கவிஞர் தோழர் ஒருத்தர் இதைக் கேட்டுவிட்டு, 'தோழர், உங்க உடம்பு அதிகாரத்துக்கு எதிரா கலகம் பண்ணுது' என்றார். 'இல்ல தோழர், மூத்திரப்பை நிறைஞ்சிடுச்சி' என்றேன். நானும் அப்படி ஒரு கவிதை எழுதிக் கிழித்துப் போட்டவன்தான். ராத்திரியில் மூன்று தடவை இழுத்து எழுப்புகிற காலைக் கலகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஊர் அதைக் கலகம் என்றுதான் பார்த்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் ஆண்டை பார்க்க வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த தெருவிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போட்டார்கள். கவரில் இரண்டாயிரம் ரூபாய். அதை என் பக்கம் நீட்டுகிறார், கயிற்றுக்கட்டில் அசைகிறது, என் கால் விறைத்துப் போய் அவர் வேட்டியில் பட்டது. பாதம், அவர் தொடைமேல். பேச்சு மூச்சு இல்லை. காய்ச்சலிலிருந்து அப்போதும் முழுசாகத் தேறாத அப்பா அப்படியே அவர் காலில் விழுந்தார். 'அவன் செய்யலீங்க, அதுவா இழுக்குதுங்க, தெரியாம நடந்துபோச்சிங்க.' அவர் ஒன்றும் சொல்லாமல் வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் ஊர்த்தெரு ஆட்கள் யாராவது வருகிறார்கள் என்றால், அப்பா மரமேறுகிற தளைக்கயிற்றை எடுத்து என் காலைக் கட்டிலோடு கட்டிவிடுவார். கட்டினால் இழுப்பு நிற்காது. கயிறு தோலை அறுக்கும். எனக்கு உணர்ச்சி இல்லை, தெரியாது. ஒருநாள் அம்மா பார்த்தபோது கணுக்காலில் எலும்பு தெரிந்தது. அது ஆற எட்டு மாதம் ஆனது.

அப்பாவை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர் தெரிந்துதான் கட்டினார். 2018 மே மாதம் சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் நம்மாட்கள் மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததும் அந்தப் பகைக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. காலை எங்கே வைக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வேண்டுமென்று நீட்டுகிறானா, நரம்பு இழுக்கிறதா என்று பார்க்க அரிவாளுக்கு ஏது நேரம்?

விழுந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் வேலூருக்குப் போனேன். அங்கே டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒரு அம்மா இருந்தார். 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை ஆபரேஷன் செய்தவர். அவர் முயற்சியால் 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் வந்தது. நான் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான். தினமும் காலை மெதுவாக நீட்டி, மடக்கி, பிடித்து வைக்க வேண்டும். நிற்கும் பலகையில் நிற்க வேண்டும். முக்கியமாக, இழுப்பு திடீரென்று கூடினால் ஏன் என்று தேட வேண்டும். மூத்திரப்பை, மலச்சிக்கல், படுக்கைப்புண், நகச்சுற்று, இறுக்கமான பேன்ட் — எதுவாகவும் இருக்கும். ஒருநாள் வங்கியில் காலையிலிருந்து கால் அடங்கவேயில்லை. மத்தியானம் பார்த்தால் தொடைக்கடியில் ஒரு பேனா மூடி. தோல் கன்றிச் சிவந்துவிட்டது. வலி வராத உடம்புக்கு இந்த இழுப்புதான் சேதி சொல்கிறது. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு இன்னும் ஆபத்து. மூத்திரம் அடைத்தாலே ரத்தக்கொதிப்பு எகிறித் தலை பிளக்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்துக் குழாயைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை உண்டு. பேக்லோபென். குறைந்த அளவில் ஆரம்பித்துக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றுவார்கள். அதிகமானால் தூக்கமும் சோர்வும். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது இந்த விறைப்புதான் எனக்குக் கொஞ்சம் முட்டுக்கொடுக்கிறது. முழுசாக அடக்கிவிட்டாலும் கஷ்டம். ஒருமுறை காசில்லாமல் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட்டோம். மூன்றாம் நாள் உடம்பு கொதித்து, சுவரில் ஆட்கள் நடக்கிற மாதிரி தெரிந்தது. காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். பேய் இல்லை தோழர்களே, மாத்திரை இல்லை. அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. இது தெரியாமல் எத்தனை வீட்டில் வேப்பிலை அடிக்கிறார்களோ.

2013இல் எழுத்தர் வேலை கிடைத்தது. 1995ஆம் வருஷச் சட்டம் ஊனமுற்றோருக்கு 3 சதவீதம் ஒதுக்கியது. 2016ஆம் வருஷச் சட்டம் அதை 4 ஆக்கியது. எனக்கு வங்கியில் 'டபுள் கோட்டா' என்று பெயர். கவுன்டருக்கு அடியில் கால் ஆடும்போது, 'என்ன சார், கெத்தா காலாட்டிக்கிட்டு வேல பாக்கறீங்க' என்று ஒருத்தர் கேட்டார். ஊரில் ஆண்டை கேட்காமல் போனதை இவர் கேட்டுவிட்டார்.

கடைசியாக நம் இயக்கத்துக்கு. இந்தக் கூட்டம் மாடியில். நான்கு தோழர்கள் என்னை நாற்காலியோடு தூக்கி வந்தீர்கள். நடுப்படியில் கால் இழுத்து ஒரு தோழர் நெஞ்சில் உதைத்தது. அவர் சிரித்தார். அவருக்கு என் அன்பு. ஆனால் தோழர்களே, மரத்திலிருந்தும் கிணற்றிலிருந்தும் சாரத்திலிருந்தும் விழுகிறவர்களில் நம்மாட்கள் எத்தனை பேர்? அவர்கள் எந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள்? ஒவ்வொரு காலனியிலும் ஒரு வீட்டின் பின்கட்டில் ஒருத்தர் கிடக்கிறார். அவர் காலையும் யாராவது கட்டி வைத்திருக்கலாம். கிளைத் தோழர்கள் போய்ப் பாருங்கள். கயிறு இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். புண் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் வாங்கிக்கொடுங்கள். அடுத்த கூட்டத்தைத் தரைத்தளத்தில் வையுங்கள்.

இப்போது நான் இறங்கவும் நான்கு பேர் வேண்டும். இடது காலைப் பிடிக்கிறவர் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பிடியுங்கள்.

ஜெய்பீம்.