புண்ணாற்றும் பூண்டும் பெயர் காக்கும் மொழியும்



வரப்பில் புல்லறுக்கும் பெண்ணின் விரலில் அரிவாள் பட்டுவிட்டால் என்ன செய்வாள்? காலடியில் கிடக்கும் ஒரு பூண்டைப் பறித்துக் கசக்கி, அதன் சாற்றைக் காயத்தில் பிழிவாள். குருதி நின்றதும் மீண்டும் வேலையில் இறங்குவாள். அப்பூண்டின் பெயர் வெட்டுக்காயப் பூண்டு. கிணற்றடிப் பூண்டு என்றும் தாத்தாப்பூ என்றும் அதனைச் சொல்வர். அதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பநிலப் பகுதி என்பர் நிலைத்திணை நூலார். கடல் கடந்து வந்த செடிக்கும் அதன் பயனைக் கண்டறிந்து, அப்பயனையே பெயராகச் சூட்டினர் நம் உழவர். அப்பெயர் வெறும் பெயரன்று. ஒரு மருத்துவக் குறிப்பு. 'திரைடாக்சு' என்று மட்டுமே படிக்கும் மாணவனுக்கு அக்குறிப்புக் கிட்டுமா?

இவ்வறிவு நேற்று முளைத்ததன்று. போரில் புண்பட்ட மறவனைக் காக்க மனையில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, நறும்புகை எழுப்பியதை அரிசில்கிழார் புறநானூற்றின் 281ஆம் பாடலில் பாடினார். விழுப்புண்ணை நெடிய வெள்ளூசியால் தைத்ததைப் பதிற்றுப்பத்தின் 42ஆம் பாடல், நீரில் மூழ்கி எழும் சிரற்பறவையோடு ஒப்பிடுகின்றது.

இத்துணைப் பழைய அறிவு நம் கையைவிட்டு எங்ஙனம் போக இருந்தது, தெரியுமா? புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. பெற்றது மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நடுவம். கண்டுபிடித்தோராகக் குறிக்கப்பெற்ற இருவரும் இந்திய வழிவந்தோர். நம் பாட்டி அரைத்துப் பூசிய மஞ்சள், அங்கே புதுக் கண்டுபிடிப்பு ஆயிற்று!

இந்திய அறிவியல், தொழில் ஆய்வு மன்றம் 1996இல் அதனை எதிர்த்தது. ஆனால், 'எங்கள் வீடுகளில் வழிவழியாக இதைச் செய்கின்றோம்' என்று சொல்வது அங்கே செல்லவில்லை. அயல்நாட்டில் வாய்மொழியாய் வழங்கும் பழக்கத்தை அன்றைய அமெரிக்கச் சட்டம் சான்றாக ஏற்கவில்லை; எழுத்தில் வெளிவந்ததே சான்று. மன்றம் 32 எழுத்துச் சான்றுகளை முன்வைத்தது. 1997இல் காப்புரிமை நீக்கப்பட்டது.

அச்சான்றுகளைப் பற்றிச் சொல்வோர் சமற்கிருதம், உருது, இந்தி நூல்களையே எடுத்துக் கூறுகின்றனர். தமிழின் பெயர் அவ்வரிசையில் இல்லை. இதற்குப் பிறரைப் பழித்துப் பயனில்லை. ஏட்டில் இருந்ததைப் பெட்டியில் பூட்டினோம். நாவில் இருந்ததை எழுதாமல் விட்டோம். 2001இல் இந்திய அரசு தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில் சித்த மருத்துவ நூல்களும் பின்னர் இடம்பெற்றன. நன்று. ஆயினும், நூலேறாத பாட்டியின் அறிவை எந்த நூலகம் காக்கும்?

எனவே, ஊர்தோறும் முதியோரிடம் சென்று கேளுங்கள். செடியின் பெயர் என்ன? இலையா, வேரா, பாலா? எவ்வளவு? எவ்வகைப் புண்ணுக்கு? சிறு தீப்புண்ணுக்குச் சோற்றுக்கற்றாழை, சொறி சிரங்குக்குக் குப்பைமேனியும் மஞ்சளும், ஆறாப்புண்ணுக்கு ஊமத்தையிலைச் சாறு சேர்த்துக் காய்ச்சும் மத்தன் எண்ணெய் என அனைத்தையும் தமிழில் எழுதி வையுங்கள். ஊமத்தை நஞ்சு என்பதையும், அவ்வெண்ணெயில் மயில்துத்தம் சேர்வதால் மருத்துவர் சொற்படி மேற்பூச்சாக மட்டுமே பயன்படும் என்பதையும் சேர்த்தெழுதுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்வேன். பழையது என்பதாலேயே எல்லாம் மருந்தாகிவிடாது. காயத்தில் சாணம் அப்புவதும் மண் தூவுவதும் நம்மிடையே இருந்த பழக்கங்களே. அவற்றிலுள்ள நுண்ணுயிர் இசிவு நோயைத் தந்து உயிரையே குடிக்கும். துருப்பிடித்த ஆணி குத்தினாலோ, ஆழமாய் வெட்டுப்பட்டாலோ, தூய நீரில் கழுவி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்வதே அறிவுடைமை. நீரிழிவு உடையோர் காலில் சிறு புண் கண்டாலும் காலந்தாழ்த்தலாகாது. பொய்யைக் களைந்தாலன்றி மெய்யைக் காக்க இயலாது.

தோழர்களே! நம் பாட்டியர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். அவர்களோடு செடிகளின் பெயர்களும் மறைகின்றன. பெயர் போனால் பயன் போம்; பயன் போனால் அச்செடி வெறுங்களை. இன்றிரவு வீடு சென்றதும் ஒரு சுவடியை எடுங்கள். ஒரு செடியின் பெயரையேனும் எழுதுங்கள். எழுதப்படாத அறிவு, வேலியில்லாப் பயிர்!