விலங்குகளும் தண்டவாளமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விலங்கினங்களைப் பற்றிச் சுவையான செய்திகள் சிலவற்றைக் கூறுமாறு செயலாளர் பணித்தார். நான் விலங்கியல் கற்றவனல்லன், இரயில்வே குமாஸ்தா. எனினும், தண்டவாளத்தை நம்பிப் பிழைக்கும் நாம், அதனைக் கடக்கும் உயிர்களைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் தகுமன்றோ?

நமக்குப் பழகிய பசுவுக்குக் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்துள்ளன. ஆகவே தலையைத் திருப்பாமலே, பின்புறத்தில் ஒரு சிறு பகுதி நீங்கலாக, சுற்றிலும் காண வல்லது. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. அது குட்டையைத் தேடி ஓடுவது சோம்பலால் அன்று, உடற்சூட்டைத் தணிக்கவே. இவை குழந்தைகளுக்காகக் கூறியவை. நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புவது யானையைப் பற்றி.

யானையின் துதிக்கையில் எலும்பு ஒன்றுகூட இல்லை. தாய் யானை கருவைச் சுமப்பது ஏறத்தாழ 22 மாதங்கள். பிறக்கும் கன்றின் எடையோ சுமார் 100 கிலோ. வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் முளைக்கும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் முதிய யானை உணவை மெல்ல இயலாமல் மெலியும். கூட்டத்தை வழிநடத்துவது மூத்த பெண் யானையே. (தாய்மார்கள் நகைப்பது தெரிகிறது!)

1984ஆம் ஆண்டில் கேத்தி பெயின் என்னும் அமெரிக்க அம்மையார், போர்ட்லண்டு நகரத்து விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே இருந்தபோது, காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். பின்னர் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்ததில், மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் யானைகள் தமக்குள் பேசிக்கொள்வது புலப்பட்டது. அவ்வொலி சில கிலோமீட்டர் தொலைவுக்கும் செல்லும்.

இத்துணை நுண்ணிய செவியுடைய விலங்கு வண்டியில் அடிபடுவது ஏன்?

வட வங்கத்தில் சிலிகுரியிலிருந்து அலிப்பூர்துவார் செல்லும் பாதை, யானைகள் உலவும் காடுகளின் ஊடே செல்வது. மீட்டர் கேஜாக இருந்த அப்பாதை 2004ஆம் ஆண்டளவில் அகலப் பாதையாயிற்று. வண்டிகளின் வேகமும் எண்ணிக்கையும் பெருகின. யானைகளின் சாவும் பன்மடங்காயிற்று. 2010 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, பனார்ஹாட் அருகே சரக்கு வண்டி மோதி ஏழு யானைகள் மாண்டன. தண்டவாளத்தில் அகப்பட்ட கன்றுகளைவிட்டுப் பெரிய யானைகள் விலகவில்லை என்று அந்நாளையச் செய்திகள் கூறின. செவி கேளாமையால் அல்ல, பிள்ளைப் பாசத்தால் மாண்டன என்றே நான் கொள்கிறேன். அடுத்த மாதமே இந்திய அரசு யானையை நாட்டின் மரபுரிமை விலங்காக அறிவித்தது!

ஓட்டுநரைப் பழிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. வேகமாகச் செல்லும் நிறைசுமைச் சரக்கு வண்டி, பிரேக்கு போட்ட பின்னும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடியே நிற்கும். இருளில், அதுவும் வளைவில், எஞ்சின் விளக்கு அவ்வளவு தூரம் காட்டுவதில்லை. ஆகவேதான் காட்டுப் பகுதிகளில் வேகத்தைக் குறைக்கக் காஷன் ஆர்டர் கொடுக்கிறார்கள். ஊருக்குச் செல்லும்போது, "வண்டி ஏன் இப்படி ஊர்கிறது?" என்று நம்மவரே சலித்துக்கொள்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த ஊர்தலுக்குக் காரணம் சில இடங்களில் யானைதான்.

வேறு உபாயங்களும் உண்டு. யானைக்குத் தேனீ என்றால் அச்சம். வடகிழக்கு எல்லை இரயில்வேயினர் 2017 முதல், யானை கடக்கும் சில இடங்களில் தேனீக்களின் ரீங்காரத்தை ஒலிபெருக்கியில் எழுப்பி அவற்றை விலக்குகின்றனர். நம் கோவைக்கு அருகே மதுக்கரையில், மூன்று யானைகள் 2021 நவம்பரில் வண்டி மோதி இறந்தன. 2024 முதல் அங்கே கோபுரங்களில் கேமராக்கள் அமைத்து, யானை பாதையை நெருங்கினால் எச்சரிக்கை செல்லுமாறு செய்திருக்கின்றனர். முன்னர்க் கூறிய வட வங்கப் பாதையிலோ, தண்டவாளத்தை ஒட்டிப் புதைத்த ஒளியிழைக் கம்பி யானையின் காலடி அதிர்வை உணர்ந்து செய்தி அனுப்புகிறது. அதிர்வால் பேசும் விலங்கின் வருகையை அதிர்வாலேயே அறியும் இவ்வேற்பாடுதான் எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது.

குழந்தைகளின் நாடகம் காத்திருக்கிறது.