பாட்டுக்கு உடையவர் யார்?

(சக்குபள்ளத்தில் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



திரையிசையும் ஆப்பிரிக்க மக்கள் பாடலும் என்பது எனக்கு அளிக்கப்பட்ட பொருள். ஏலக்காட்டின் நடுவே நின்றுகொண்டு ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் நான் சொல்லப்போவது, ஊரை விட்டுப் பிழைப்புத் தேடிப் போன ஒரு கூலித் தொழிலாளியின் பாட்டைப் பற்றிய வரலாறு. அவ்வகையில் அது நமக்கும் உறவுடைய பாட்டே.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாடு தமிழருக்குப் புதிதன்று. 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல், கரும்புத் தோட்டத்திற்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவரை ஏற்றிச் சென்று டர்பன் துறையில் இறக்கியது. அதே நேட்டாலின் உட்புறத்தில், பொமிராய் என்னும் சிற்றூரின் அருகே, 1909ஆம் ஆண்டு சாலமன் லிண்டா என்ற ஸுலு இனத்துச் சிறுவன் பிறந்தான். மாடு மேய்த்து வளர்ந்தான். இருபத்திரண்டாம் வயதில் பிழைப்புத் தேடி ஜோஹன்னஸ்பர்க் நகருக்குச் சென்றான்.

அந்நகரத்துத் தொழிலாளர் விடுதிகளைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆடவர் நெருக்கிப் படுத்துக் கிடந்த இடங்கள் அவை. நம்முடைய லயத்து வீடுகளைக் கண்டவர்க்கு அவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாரம் முழுதும் உழைத்தவர்கள் சனிக்கிழமை இரவுகளில் குழுக் குழுவாகப் பாடிப் போட்டியிட்டனர். விடியும்வரை போட்டி நடக்கும். லிண்டாவும் தன் ஊர்த் தோழர்களைச் சேர்த்து ‘மாலைப் பறவைகள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு குழு அமைத்தார். தோழர்கள் அடிக்குரலில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப முழக்க, அதன்மேல் லிண்டாவின் உச்சக்குரல் பருந்துபோல் வட்டமிடும். அதுவே அவர்களுடைய தனிமுறை.

1939ஆம் ஆண்டு, காலோ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அக்குழுவினர் பாடினர். பாட்டின் பெயர் ‘ம்பூபே’, அதாவது சிங்கம். இரு முறை பாடிப் பார்த்தனர்; மூன்றாம் முறை பாடுகையில், முன்னே எண்ணிப் பாராத ஓர் இன்னிசை லிண்டாவின் வாயிலிருந்து இறுதியில் எழுந்தது. சில நொடிகளே அது நீடித்தது. உலகம் முழுவதும் பின்னாளில் முணுமுணுத்தது அந்தச் சில நொடிகளைத்தான். அப்பாட்டின் உரிமைக்காக அவர் பெற்ற தொகை 10 ஷில்லிங். அந்நிறுவனத்திலேயே இசைத்தட்டுகளை அடுக்கிக் கட்டும் கூலி வேலையும் அவர் பார்த்தார். பத்தே ஆண்டுகளில் அத்தட்டு ஒரு லட்சத்துக்கு மேல் விற்றதாகக் கூறுவர்.

இனி அப்பாட்டு கடல் கடந்த கதையைக் கேளுங்கள். அத்தட்டு அமெரிக்கா சென்று பீட் சீகர் என்னும் புகழ்பெற்ற பாடகர் கைக்குக் கிடைத்தது. ஸுலு மொழி அறியாத அவர், காதில் விழுந்த ஒலியை ‘விமோவே’ என்று எழுதிக்கொண்டார். அவருடைய ‘வீவர்ஸ்’ குழு பாடி 1952ஆம் ஆண்டு அது பெரும் புகழ் பெற்றது. அத்தட்டில் ஆக்கியோன் பெயராகப் பொறிக்கப்பட்டது பால் கேம்பல் என்பது. அப்படி ஒரு மனிதர் உலகில் இருந்ததே இல்லை. உரிமைத்தொகை பெறுவதற்காகப் படைக்கப்பட்ட புனைபெயர் அது! உயிரோடு, உழைத்துக்கொண்டு, ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்தவனுக்குப் பெயரில்லை. இல்லாத ஒருவனுக்குப் பெயர் இருந்தது. 1961ஆம் ஆண்டு புதிய ஆங்கிலச் சொற்களோடு ‘டோக்கன்ஸ்’ என்னும் இளைஞர் குழு அதைப் பாடியபோது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. அதற்கடுத்த ஆண்டு லிண்டா வறுமையிலேயே இறந்தார். அவர் கல்லறைக்கு ஒரு கல் நாட்டவும் மனைவிக்குப் பல்லாண்டு இயலவில்லை.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், டிஸ்னி நிறுவனம் சிங்கக்குட்டி ஒன்றைத் தலைவனாகக் கொண்டு ஓவியப் படம் எடுக்க முனைந்தது. 1994ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி லயன் கிங்’ அதுவே. பின்னணி இசைக்கு ஹான்ஸ் ஸிம்மரை அமர்த்தினர். அவர், முன்னர் ‘தி பவர் ஆஃப் ஒன்’ என்னும் 1992ஆம் ஆண்டுப் படத்தில் தம்முடன் பணிபுரிந்த லெபோ எம் என்னும் பாடகரை நாடினார். லெபோ சொவேட்டோவில் பிறந்தவர். நிறவெறி ஆட்சியில் இளம் வயதிலேயே நாட்டை விட்டகன்று, அமெரிக்காவில் கிடைத்த வேலையெல்லாம் செய்து காலம் தள்ளியவர். படம் தொடங்கும்போது, செங்கதிர் எழும் காட்சியின்மேல் ஓங்கி ஒலிக்கும் ஸுலு முழக்கம் அவர் குரலே. மாதிரிக்காகப் பாடிப் பதிந்த அக்குரலைப் படத்திலும் அப்படியே வைத்துக்கொண்டனர். மேலை நாட்டு வாத்தியக் குழு ஒருபுறம் இசைக்க, ஆப்பிரிக்கக் கூட்டுப் பாடல் அதற்கு உயிரூட்டியது. அக்குரல்களை ஒழுங்கு செய்தவர் என்று லெபோவின் பெயர் படத்தில் காட்டப்பட்டது. அவ்விசை 1995ஆம் ஆண்டு ஆஸ்கார் பரிசும் பெற்றது.

அதே படத்தில், இரண்டு விலங்குகள் காட்டு வழியே நடந்தபடி சில கணம் லிண்டாவின் மெட்டையும் பாடுகின்றன. ஒரே படத்தில் இரண்டு ஸுலு இசைகள். ஒன்றின் ஆசிரியருக்குப் பெயரும் ஊதியமும் கிடைத்தன. மற்றொன்றின் ஆசிரியர் கல்லறையில். அவருடைய பெண்மக்கள் சொவேட்டோவில் வறுமையில் வாழ்ந்தனர். அப்பாட்டு ஈட்டிய பொருளை 1 கோடியே 50 லட்சம் டாலர் என்று ரியான் மலான் என்னும் எழுத்தாளர் 2000ஆம் ஆண்டில் மதிப்பிட்டார். அதில் அம்மகளிருக்கு வந்து சேர்ந்தது மிக அற்பம்.

அக்கட்டுரைதான் நீதிக்குக் கதவு திறந்தது. ஓவன் டீன் என்னும் வழக்கறிஞர் பழைய சட்டநூல்களைப் புரட்டினார். 1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டத்தில், ஆசிரியர் தம் உரிமையை விற்றிருந்தாலும் அவர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பின் அது அவருடைய வாரிசுகளுக்கே மீளும் என்று ஒரு விதி கிடந்தது. அதன்படி 1987ஆம் ஆண்டிலேயே பாட்டு லிண்டாவின் மக்களுக்கு உரியதாகிவிட்டது! 2004ஆம் ஆண்டு வழக்குத் தொடுக்கப்பட்டது. முறைப்படி அனுமதி பெற்றே பயன்படுத்தினோம் என்றது டிஸ்னி. 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில், பாட்டின் உரிமையை வைத்திருந்த நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. லிண்டா அப்பாட்டின் ஆசிரியருள் ஒருவர் என ஒப்புக்கொள்ளப்பட்டார். மக்களுக்கு உரிமைத்தொகையும் கிடைத்தது. ஆனால் பாடியவன் மறைந்து 43 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

அன்பர்களே, இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?

தமிழ்ப் படமும் ஆப்பிரிக்காவுக்குச் சென்றதுண்டு. 2013ஆம் ஆண்டு பரத் பாலா இயக்கிய ‘மரியான்’, கடலோரத் தமிழன் ஒருவன் சூடானுக்குக் கூலி வேலைக்குச் சென்று படும் துயரைச் சொன்னது, ஏ. ஆர். ரகுமான் அதில் ஆப்பிரிக்காவைப் போற்றும் பாட்டொன்றையும் அமைத்தார். நம் மலைச்சரிவுக்கும் திரையிசைக்கும் உள்ள உறவோ இன்னும் நெருக்கமானது. 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தமிழரிடையே பாடியவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன். அவர் தம்பி இளையராசா 1976ஆம் ஆண்டு ‘அன்னக்கிளி’ வாயிலாக மலையடிவாரத்து மண்ணிசையைத் தமிழகம் முழுதும் கேட்கச் செய்தார். அவ்வண்ணனையும் தம்பியையும் நாடறியும். ஆனால் காய் எடுக்கும் தாய்மார்கள், நாற்று நட்ட பாட்டிமார்கள், அவர்களை யார் அறிவார்?

விடியற்காலையில் கம்பம் மெட்டு வழியாக ஜீப்பு வண்டிகளில் நெருக்கி ஏறி வரும் பெண்கள், ஏலச்செடியின் தூரில் குனிந்தமர்ந்து காய் எடுக்கையில் மெல்லப் பாடுவதை நான் கேட்டிருக்கிறேன். தெம்மாங்கும் உண்டு, தாலாட்டும் உண்டு. ஒருத்தி அங்கேயே புதிதாக ஓர் அடி கட்டுவாள். மற்றவர் சிரித்து ஏற்பர். லிண்டாவின் உச்சக்குரல் எழுந்த அதே வகையான கணம் அது. நாளை யாரோ ஒருவர் அதைக் கைப்பேசியில் பதிந்து சென்று படத்தில் சேர்த்தால், ‘நாட்டுப்பாடல்’ என்ற ஒரே சொல்லில் அவள் மறைந்துவிடுவாள். 2012ஆம் ஆண்டு நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, திரைப்பாடல் எழுதியவரும் இசையமைத்தவரும் தம் உரிமைத்தொகைப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது என்றாயிற்று. நல்ல சட்டம். ஆயினும் ஆக்கியோள் இன்னார் என்று காட்ட இயலாத பாட்டுக்கு அதனால் யாது பயன்?

நம் முன்னோர் இதில் நமக்கு வழிகாட்டியுள்ளனர். குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவரின் பெயர் கிடைக்கவில்லை. அதற்காக வேறொரு பெயரை அங்கே பொறித்தார்களா? இல்லை. அப்புலவர் தம் பாட்டில் ஆண்ட சொல்லையே எடுத்துச் செம்புலப் பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பெயரிட்டனர். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாடியவனுக்குப் பாட்டைக் கடனாக வைத்த பண்பு அது. பால் கேம்பலைப் படைத்த காலத்தையும் செம்புலப் பெயனீராரைப் போற்றிய காலத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஆகவே இச்சங்கத்துக்கு என் விண்ணப்பம் ஒன்றே. ஒரு தடித்த குறிப்பேடு வாங்குவோம். வாரம் ஒரு லயத்துக்குச் செல்வோம். பாடுபவர் பெயர், பிறந்த ஊர், யாரிடம் கேட்டுக் கற்றார், தாமே கட்டிய அடிகள் எவை, பாடிய நாள் ஆகியவற்றை அவர் இசைவோடு எழுதிக் குரலையும் பதிவோம். ஆண்டுதோறும் இம்மலரில் அவற்றுள் சிலவற்றைப் பெயரோடு அச்சிடுவோம். பாடியவரைக் கேட்காமல் எவருக்கும் பதிவைக் கொடுப்பதில்லை என்று உறுதியும் கொள்வோம்.

பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று இது. லிண்டாவின் பாட்டில் அவர் பெயர் சேர வழக்கும் நீதிமன்றமும் வேண்டியிருந்தன. நம் தாய்மார்கள் பெயரைச் சேர்க்க ஓர் எழுதுகோல் போதும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்வோம்.